அரசனும் விதூஷகனும்

வடமொழி நாடகங்களிலே அரசன் வேறு, விதூஷகன் வேறு. அரசன் காதல் செய்வான், போர் செய்வான், பிரிவினால் வாடுவான். சிரிப்பு மூட்டுந் தொழில் அவனுக்கில்லை. அதற்கென்றே உணவிற் பெருவிருப்புடைய அந்தணத் தோழன் ஒருவன் பக்கத்திலே நிற்பான். நம் கூத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். கொலுவுக்கு வரும் மன்னன் விறைப்பாக வருவான். அவன் வரவைக் கூறவும், இடையிடையே அவனைச் சீண்டவும் கட்டியகாரன் இருப்பான். சபையோர் கட்டியகாரனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அரசனைப் பார்த்துச் சிரியார்கள்.

இந்தப் பங்கீடு நம் காலத்திற் குலைந்துவிட்டது. அரசனே விதூஷகனின் குல்லாவை வாங்கித் தன் தலையிற் கவிழ்த்துக்கொள்கிறான். காரணம் வெளிப்படை. வாக்குரிமை பெற்ற இளைஞர் பத்திரிகைத் தலையங்கத்தைப் படிப்பதில்லை; பொதுக்கூட்டத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் குந்தியிருப்பதுமில்லை. அவர் கண்ணுங் கருத்துங் கைத்தொலைபேசித் திரையில் இருக்கின்றன. வாக்கு வேண்டும் தலைவர் அங்கேதான் போகவேண்டும். அங்கே நுழைவதற்குரிய சீட்டு சிரிப்பு.

‘இது பதவிக்கு இழுக்கு’ என்று சினப்பவர் பலர். ‘இதுவன்றோ ஜனநாயகம்’ என்று மகிழ்பவர் பலர். இவ்விரு சாராரும் ஒன்றைக் கவனியாது விடுகின்றனர். சிரிப்பு எழுந்தது சரி. அது யார்மேல் விழுந்தது?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் களன்கள் நான்கென்றார். இளமை அவற்றுள் ஒன்று. நகையையும் இளமையையும் ஒருங்கு வைத்து எண்ணிய அந்தப் பெரியாருக்குத் தேர்தற் பிரசாரம் தெரியாது. ஆனால், பிரசாரகர்களுக்குத் தெரியவேண்டியது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு களன் எள்ளல். இதனை விரிக்கும் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்தார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. முன்னையது எளிது, எந்த மேடையிலும் காணலாம். பின்னையது அரிது. அதிகாரத்தில் இருப்பவனுக்கு மிக மிக அரிது. எஞ்சியவை பேதைமையும் மடனும். அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

ஐக்கிய அமெரிக்காவிலே 1968ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி இரவு, ‘லாஃப் இன்’ என்னும் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் றிச்சர்ட் நிக்சன் தோன்றினார். தோன்றியது சில விநாடிகளே. அந்நிகழ்ச்சியில் ‘என்மேற் போடு’ என்று பொருள்படும் ஒரு கொச்சைத் தொடர் அடிக்கடி வரும். அதைச் சொல்லும் நடிகையின் தலையில் வாளித் தண்ணீர் கொட்டும். அல்லது வேறேதும் ஒன்று விழும். சபை சிரிக்கும். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த நிக்சன் அத்தொடரை வியப்பும் வினாவுமாகச் சொன்னார்: ‘என்மேலா?’ நாடே சிரித்தது. அவரை எதிர்த்து நின்ற ஹியூபேட் ஹம்பிரியையும் அழைத்தார்கள், அவர் மறுத்துவிட்டார். நவம்பர்த் தேர்தலில் இருவரும் பெற்ற வாக்குகளின் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்குங் குறைவு. மறுத்தமையே தோல்விக்குக் காரணமாகியிருக்கலாம் என்று ஹம்பிரி பின்னர் கருதியதாக, நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஜோர்ஜ் ஷ்லாட்டர் சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர் தம் பண்டத்தின் பெருமையைப் பேசுவது இயல்பு. நாம் அதனை முழுவதும் நம்பவேண்டியதில்லை. நான் கவனித்தது வேறொன்று. நிக்சன் ‘என்மேலா’ என்று கேட்டார். தண்ணீர் விழவில்லை.

அக்காலத்தில் அந்நாட்டின் மிகப் பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கும் வயது 21. 1971இல் அரசியலமைப்பின் 26ஆந் திருத்தம் அதனை 18 ஆக்கிற்று. இளையோர் வாக்குப் பெருகவே அவரைத் தேடிச் செல்லும் வழிகளும் பெருகின. 1992 யூன் 3ஆந் திகதி பில் கிளின்ரன் கறுப்புக் கண்ணாடி அணிந்து, ஆர்செனியோ ஹோல் என்பவரின் இரவு நிகழ்ச்சியிற் சாக்சபோன் வாசித்தார். ஜனாதிபதியான பின், 1994இல், இளைஞர்க்கான தொலைக்காட்சிக் கலந்துரையாடலொன்றில் அவருடைய உள்ளாடை பற்றி ஒரு பெண் வினாவினாள். அவர் விடை சொன்னார். சொல்லாது விட்டிருக்கலாம்.

இனி, இத்துறையில் யான் மிகச் சிறந்ததென்று கருதும் சம்பவத்துக்கு வருவோம்.

2010 மார்ச் 23ஆந் திகதி பராக் ஒபாமா ஒரு சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்திற் கையொப்பமிட்டார். தொழில் வழியாகக் காப்புறுதி கிடையாதோர், அரசாங்கம் அமைத்த இணையத்தளத்திற் புகுந்து, தமக்கேற்ற காப்புறுதியைத் தெரிந்து வாங்கலாம். வருவாய் குறைந்தவர்க்கு உதவித்தொகையும் உண்டு. காப்புறுதி என்பது ஒரு பொதுப்பானை. பலர் போடுவர், நோயுற்றோர் எடுப்பர். நோயாளர் மாத்திரம் சேர்ந்தாற் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறினாற் சுகதேகிகள் விலகுவர். அவர் விலக மேலும் ஏறும். முடிவிற் பானை கவிழும். ஆகவே, நோயற்ற இளையோர் சேர்ந்தேயாகவேண்டும். ஆனால், இருபத்தைந்து வயதில் எவன் தனக்கு நோய் வருமென்று நம்புகிறான்? போதாக்குறைக்கு, 2013 ஒக்ரோபர் 1ஆந் திகதி திறந்த இணையத்தளம் திறந்த அன்றே முடங்கிற்று. வாரக்கணக்கிற் பழுது பார்த்தார்கள். நாடு நகைத்தது. சேர்வதற்குரிய இறுதி நாள் 2014 மார்ச் 31.

அந்த மார்ச் 11ஆந் திகதி இணையத்திலே ஒரு காணொளி வெளியாயிற்று. இரண்டு பன்னச் செடிகளுக்கு நடுவே இரண்டு நாற்காலிகள். ஒன்றிற் சக் கலிஃபியனாகிஸ் என்னும் நகைச்சுவை நடிகர். மற்றதில் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி. நிகழ்ச்சியின் பெயரே ‘இரு பன்னங்களுக்கு நடுவே’ என்பதுதான். வந்த விருந்தினரை அவமதிப்பதே அந்நிகழ்ச்சியின் இலக்கணம். ஆயத்தமில்லாத, பண்பில்லாத, அரைத் தூக்கத்திலிருக்கும் பேட்டியாளராகக் கலிஃபியனாகிஸ் நடிப்பார். ‘கடைசிக் கறுப்பு ஜனாதிபதியாக இருப்பது எப்படியிருக்கிறது?’ என்று கேட்டார். ‘ஒரு ஜனாதிபதியோடு நீர் பேசுவது இதுவே கடைசித் தடவை, அது எப்படியிருக்கிறது?’ என்ற கருத்திற் பதில் வந்தது.

அடுத்த கேள்வி இன்னுங் கூரியது. ஜனாதிபதி ஓய்வுபெற்றபின் அமையும் நூலகத்தை எங்கே கட்டுவதாக உத்தேசம்? ஹவாயிலா, அல்லது உமது சொந்த நாடாகிய கென்யாவிலா? இங்கே சிறிது நின்று விளக்கவேண்டும். ஒபாமா பிறந்தது ஹவாயில். ஆயினும், அவர் கென்யாவிற் பிறந்தவர், எனவே ஜனாதிபதியாக உரிமையற்றவர் என்னும் பொய் 2008 முதலாக ஓயாது பரப்பப்பட்டது. தம் பிறப்புச் சான்றிதழின் முழுப் படிவத்தை 2011 ஏப்ரிலில் அவர் வெளியிடவேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் தலைவன் தான் இந்நாட்டவனே என்று பத்திரம் காட்டி மெய்ப்பிக்க நேர்ந்தது எத்தகைய புண்! அந்தப் புண்ணிற்றான் கலிஃபியனாகிஸ் விரலை வைத்தார். ஜனாதிபதி முகம் மாறாது இருந்து கேட்டார்.

பின்பு காப்புறுதி இணையத்தளத்தின் பேச்சு வந்தது. ‘ஓ, வேலை செய்யாத அந்தத் தளமா?’ என்றார் நடிகர். இதுவும் புண்தான். முன்னையது பிறர் இட்ட புண். இது தம் ஆட்சியே இட்டுக்கொண்ட புண். ஜனாதிபதி அதனையுந் தாங்கிக்கொண்டு, தளம் இப்பொழுது இயங்குகிறது, இன்ன முகவரி, இன்ன திகதிக்குள் சேரவேண்டும் என்று சொன்னார். நடிகர் சலித்துக்கொண்டார். விளம்பரத்தைக் கேட்கும் இளைஞன் எப்படிச் சலிப்பானோ அப்படியே சலித்தார். இளைஞனின் சலிப்பும் நாடகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே, திரைக்கு வெளியே அவன் சலிக்க வேண்டியதில்லை. இந்த நுட்பத்தை வகுப்பில் நிற்கும் ஆசிரியர் நன்கு அறிவர்.

இங்கே தண்ணீர் விழுந்தது. தலை நனைந்தது. பேராசிரியர் கூறிய இரண்டாவது எள்ளல் இதுவே.

பயன் என்ன? முந்திய நாளினும் நூற்றுக்கு 40 பங்கு அதிகமானோர் அன்று காப்புறுதித் தளத்துக்குப் போயினர். போனவர் எல்லாருஞ் சேர்ந்தார் என்று கொள்ளலாகாது. எட்டிப் பார்த்துத் திரும்பியோர் எத்தனை பேரோ. நீடித்த தவணையும் முடிந்தபோது ஏறத்தாழ 80 இலட்சம் பேர் பதிந்திருந்தனர். அவருள் 18 முதல் 34 வரை வயதுடையோர் நூற்றுக்கு 28. அரசாங்கம் விரும்பியதோ நாற்பதையொட்டிய தொகை. ஆகவே சிரிப்பு மலையைப் புரட்டவில்லை. கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போவதும் போகாததும் அவரவர் விருப்பம்.

மறுபக்கத்திலே கண்டனங்களும் எழுந்தன. தொலைக்காட்சி விமர்சகர் பில் ஓ’றெய்லி, ஏபிரகாம் லிங்கன் இப்படிச் செய்திருக்க மாட்டார் என்றார். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இவர் எந்த லிங்கனைச் சொல்கிறார்? 1862 செப்டெம்பர் 22ஆந் திகதி லிங்கன் தம் மந்திரிகளை அவசரமாகக் கூட்டினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அன்ரியெற்றம் என்னுமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்து ஒரு வாரமாகவில்லை. வந்திருந்த மந்திரிமாருக்கு லிங்கன் ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். ஆட்டிமஸ் வோட் என்னும் புனைபெயருடைய ஹாஸ்ய எழுத்தாளரின் ஓர் அத்தியாயம் அது. வாசித்து அவரே மிகவும் ரசித்தார். மற்றையோரும் ரசித்தனர், யுத்த மந்திரி ஸ்ரான்ரன் மாத்திரம் ரசிக்கவில்லை. இவையெல்லாம் நிதி மந்திரி சேஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தவை. அதன்பின் லிங்கன் முகம் மாறினார். வேறொரு தாளை எடுத்தார். கிளர்ச்சி செய்யும் மாநிலங்களிலுள்ள அடிமைகள் 1863 யனவரி 1ஆந் திகதி முதல் விடுதலை பெற்றோராவர் என்னும் பிரகடனம் அந்தத் தாளில் இருந்தது.

சிரிப்பைத் தேடிப் போய் இடறியவர்களும் உளர். 2016 யூலையில் ஹிலரி கிளின்ரன், இளைஞர் தெருத்தெருவாகக் கைத்தொலைபேசியுடன் அலைந்து ஆடிய ஒரு விளையாட்டின் பெயரை ‘வாக்குச்சாவடிக்குப் போ’ என்பதோடு பொருத்திச் சிலேடை செய்தார். காளமேகம் கேட்டிருந்தால் வசைபாடியிருப்பார். இளைஞரும் சிரித்தனர், சிலேடைக்கன்று. தம் வீட்டுச் சொல்லை அயலார் தவறான உச்சரிப்பிற் சொன்னாற் பிள்ளைகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

இதுவரை கண்டது, அரசியல்வாதி நகைச்சுவையாளர் வீட்டுக்குப் போன கதை. நகைச்சுவையாளரே அரண்மனைக்குப் போன கதை உக்ரேனில் நடந்தது. அதனை ஆசிரியராகிய நாம் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஏனெனில் அதன் தலைவன் ஓர் ஆசிரியன்.

2015 நவம்பரில் உக்ரேன் தொலைக்காட்சியில் ‘மக்கள் ஊழியன்’ என்னும் தொடர் தொடங்கிற்று. வசீல் ஹொலொபொரொட்கோ என்பவன் பாடசாலைச் சரித்திர ஆசிரியன். நாட்டை அரிக்கும் ஊழலைப் பற்றி வகுப்பறையிலே கொதித்துப் பேசுகிறான். வாயில் வரத்தகாத சொற்களும் வருகின்றன. மாணவன் ஒருவன் அதை மறைந்திருந்து படம்பிடித்து இணையத்தில் இடுகிறான். நாடே பார்க்கிறது. ஆசிரியன் ஜனாதிபதியாகிவிடுகிறான். வகுப்பிற் கொதித்துப் பேசியவையெல்லாம் காணொளியாகியிருந்தால் நம்முட் சிலரும் ஜனாதிபதியாகியிருப்போம்; பலர் வேலை இழந்திருப்போம். அது நிற்க. அவ்வாசிரியனாக நடித்தவர் வொலொடிமிர் செலென்ஸ்கி.

2018 டிசெம்பர் 31ஆந் திகதி நள்ளிரவை ஒட்டித் தாம் மெய்யாகவே தேர்தலில் நிற்பதாக அவர் தொலைக்காட்சியிற் சொன்னார். பத்திரிகையாளரின் நீண்ட பேட்டிகளை அவர் பெரிதும் நாடவில்லை. யூரியூப், இன்ஸ்ரகிராம் ஆகிய தளங்களிற் சிறு சிறு காணொளிகளாக வந்தார். மேடைகளில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார். தேர்தலுக்குச் சில நாள் முன்னே தொடரின் மூன்றாம் பகுதி ஒளிபரப்பாயிற்று. 2019 ஏப்ரில் 21ஆந் திகதி நடந்த இரண்டாஞ் சுற்றில், பதவியிலிருந்த பொறொஷென்கோவை வென்று நூற்றுக்கு 73 வாக்குகள் பெற்றார். தொடரின் பெயரையே சூடிய கட்சி அவ்வாண்டு யூலையிற் பாராளுமன்றத்திலும் 254 ஆசனங்களைப் பெற்றது.

இங்கே எள்ளல் இருந்தது. ஆனால் அது பிறர்மேல் விழுந்த எள்ளல். ஊழல் மந்திரி நனைந்தார், செல்வந்தர் நனைந்தார். செலென்ஸ்கி நனையவில்லை. அவர் கொள்கை என்னவென்று கேட்டவர்க்கு விடை தெளிவாயில்லை; விடை இல்லாத இடத்தைப் பார்வையாளர் அந்த ஆசிரியனைக்கொண்டு நிரப்பிக்கொண்டனர். நடிகனையும் பாத்திரத்தையும் ஒன்றாகக் காணும் மயக்கம் நமக்கும் புதிதன்று. 2021 ஒக்ரோபரில் வெளியான பண்டோரா ஆவணங்களிலே, வெளிநாட்டில் நிறுவிய கம்பெனிகள் தொடர்பாக, அவர் பெயரும் அவருடைய பழைய கூட்டாளிகளின் பெயர்களும் வந்தன. அவ்வாசிரியன் கதையில் இப்படியொரு கட்டம் இல்லை. செல்வாக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

2022 பெப்ரவரி 24ஆந் திகதி ருஷ்யப் படை புகுந்தது. அவர் தலைநகரை விட்டு ஓடிவிட்டார் என்று வதந்தி பரந்தது. மறுநாள் இரவு கீவ் நகரத் தெருவில் நின்று, கைத்தொலைபேசியைத் தம் கையாற் பிடித்து, பின்னால் நிற்கும் பிரதமரையும் மற்றையோரையுங் காட்டி, ‘எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்’ என்று சொன்னார். அரை நிமிடம் அளவே அந்தக் காணொளி. வாக்குக் கேட்டபோது பழகிய அதே கருவி, அதே கை நீளத் தூரம். பிறருக்குக் கவசமாக எழுத்தாளர் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. முகத்திற் சிரிப்பும் இல்லை.

இனிப் பேதைமையும் மடனும். பேதைமை அறியாமை. மடன், பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாமை.

இந்தோனேசியாவிலே 2024 பெப்ரவரி 14ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தல். வாக்காளரிற் பாதிக்கு மேற்பட்டோர் நாற்பது வயதை எட்டியவரும் எட்டாதவருமான இளைய தலைமுறையினர். வென்றவர் பிரபோவோ சுபியாந்தோ. அப்பொழுது அவருக்கு வயது 72. 2014இலும் 2019இலும் நின்று தோற்றவர். அந்த நாட்களில் அவர் கோலம் வேறு: மேசையை அறைந்து முழங்குவார், 2014இல் ஜகார்த்தா விளையாட்டரங்கக் கூட்டத்துக்குக் குதிரைமேல் வந்தார். 2024க்கோ குதிரையை விட்டிறங்கி ஆட்டம் ஆடினார். கையைக் காலை மெல்ல அசைத்து ஆடும் அந்த ஆட்டம் ரிக்ரொக் தளத்திற் பரவிற்று. ‘கெமோய்’ என்று அவரை அழைத்தார்கள். குழந்தைகளையும் பூனைக்குட்டிகளையும் பார்த்துச் சொல்லுஞ் சொல். ‘கொழுக்கு மொழுக்கு’ என்று நாம் கன்னத்தைக் கிள்ளுவோமே, அது. செயற்கை நுண்ணறிவினால் வரைந்த உப்பிய கன்னப் படங்கள் தெருவெங்குந் தொங்கின. நூற்றுக்கு 58க்கு மேற்பட்ட வாக்குகளோடு முதற் சுற்றிலேயே வென்றார். இளையோர் ஆதரவு பெருவாரியாயிருந்ததை வாக்களித்து வந்தோரிடம் எடுத்த கணிப்புக்கள் காட்டின.

இந்தக் கொழுக்கு மொழுக்குத் தாத்தா, சர்வாதிகாரி சுகார்த்தோவின் மருமகனாய் இருந்தவர். விசேட படையின் தளபதியாய் இருந்தவர். 1997, 1998ஆம் ஆண்டுகளிற் சுகார்த்தோவை எதிர்த்த மாணவரும் செயற்பாட்டாளரும் கடத்தப்பட்டனர். அவருள் 13 பேர் இன்றுவரை திரும்பவில்லை. 1998 ஓகஸ்டில் அவர் இராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். உயிருடன் திரும்பிய ஒன்பது பேரைத் தம் படையினர் பிடித்ததை அவர் ஏற்றார். மற்றையோருக்குத் தாம் பொறுப்பல்லர் என்று மறுத்து வந்தார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரித்துத் தீர்ப்புக் கூறவில்லை.

நியாயத்தைச் சொல்லவேண்டும். அவர் வெறும் ஆட்டத்தோடு வரவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு தருவேன் என்றார். 2025 யனவரியில் அத்திட்டம் தொடங்கிற்று. எனவே, சிரிப்புக்குப் பின் கையில் ஒன்றுமில்லை என்று அவரைக் குறைகூற முடியாது. என் முறைப்பாடு வேறு. 2023 டிசெம்பரில் நடந்த வேட்பாளர் விவாதத்திலே, அந்த 13 பேரின் குடும்பத்தார் பிள்ளைகளை எங்கே தேடுவது என்ற பொருளில் எதிர்வேட்பாளர் கஞ்சார் பிரனோவோ வினவினார். உள்நோக்கமுடைய கேள்வி என்று தள்ளினார் பிரபோவோ. ஆட்டக் காணொளிகளில் 1998 என்ற ஆண்டே இல்லை. ஒபாமாவிடம் கென்யாவைப் பற்றிக் கேட்ட பேட்டியாளர் போல ஒருவர் அந்தப் பன்னச் செடிகளுக்கு நடுவே இல்லை. வாளி இல்லை, தண்ணீர் இல்லை. 2004இற் பிறந்த வாக்காளன் என்ன செய்வான்? அவன் கண்டது ஆடும் பாட்டனை. மெய்ப்பாட்டியல் கூறும் பேதைமையில், அறியாதவன் செயலைக் கண்டு அறிந்தவன் நகைப்பான். இங்கே நகைத்தவன் அறியாதவன். அறிந்தவன் ஆடினான்.

அவனுக்கு 1998ஐச் சொல்லியிருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி எழும். தாய் தந்தையர் சொல்லியிருக்கலாம். சிலர் அச்சத்தினாலும் சிலர் அலுப்பினாலுஞ் சொல்லவில்லை போலும். சரித்திர ஆசிரியர் ஒருவர் ஹொலொபொரொட்கோவைப் போலக் கொதித்திருக்கலாம். மறைந்திருந்து படம்பிடிக்க மாணவனும் இருந்திருக்கலாம். ஆனால், உப்பிய கன்னப் படத்தோடு போட்டியிட்டு அந்தக் காணொளி எத்தனை பேரை எட்டியிருக்கும்?

பிரபோவோ 2024 ஒக்ரோபர் 20ஆந் திகதி பதவியேற்றார். ஜகார்த்தாவில் அவருடைய மாளிகைக்கு எதிரே, 2007 யனவரி 18ஆந் திகதி தொடங்கி, வியாழக்கிழமை தோறும் பிற்பகல் நான்கு மணிக்குச் சிலர் கறுப்புடையும் கறுப்புக் குடையுமாக வந்து நிற்கிறார்கள். ‘கமிசான்’ என்பது அந்த நிற்றலின் பெயர். வியாழன் என்னும் அவர்கள் சொல்லிலிருந்து வந்தது. பாதிக்கப்பட்டோரும் அவர் குடும்பத்தாரும் தொடங்கியது. குடைகளில் வெள்ளை எழுத்துக்கள் இருக்கும். தொடங்கியோர் முதுமையடைந்துவிட்டனர். இப்பொழுது அவர்களோடு வந்து நிற்போரிற் பலர் 1998க்குப் பின் பிறந்த மாணாக்கர். கையில் தொலைபேசியோடுதான் நிற்கிறார்கள்.